5 சென்ட்டைப் பின்தொடர்வது எப்படி? கலிபோர்னியாவின் மறுசுழற்சி நிதியும் சட்டமன்றக் கண்காணிப்பும்: முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினால் ரசீதில் விலைக்குக் கீழே தனியாக ஒரு தொகை வரும்: சி.ஆர்.வி. (கலிபோர்னியா ரிடெம்ப்ஷன் வேல்யூ, அதாவது பாட்டிலுக்கான முன்பணம்). 24 அவுன்ஸுக்குக் குறைவான பாட்டிலுக்கும் டின்னுக்கும் 5 சென்ட், 24 அவுன்ஸும் அதற்கு மேலும் என்றால் 10 சென்ட். காலியானதும் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு நமக்கே வரும். பழைய பேப்பரையும் பாட்டிலையும் எடைக்குப் போட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் விசித்திரமில்லை. நாங்களும் மாதம் ஒருமுறை இரண்டு மூட்டை கட்டி, சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மையத்தில் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை போனால் மையம் பூட்டிக் கிடந்தது. அடுத்த மையத்துக்கு முக்கால் மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஆனால் கடையில் 5 சென்ட் வாங்குவது ஒரு நாள்கூட நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்க இடமில்லாதபோது வாங்கிய காசு யாரிடம் இருக்கிறது, அதற்கு யார் கணக்குக் கேட்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கலிபோர்னியாவில் வசிக்கும் யாரும் இதைச் செய்யலாம். வழக்கறிஞராகவோ கணக்காளராகவோ இருக்க வேண்டியதில்லை. குடியுரிமைகூடத் தேவையில்லை. சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதவும் குழுக் கூட்டத்தில் பேசவும் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

படி 1: எந்தத் திட்டம், எந்த நிதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"மறுசுழற்சிக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி உண்டியல். புது டயர் வாங்கும்போது ஒன்றுக்கு 1.75 டாலர் கட்டுகிறோம், அதில் பெரும்பகுதி டயர் மறுசுழற்சி நிதிக்குப் போகிறது. டிவி, கணினித் திரை வாங்கும்போது கட்டும் கட்டணம் 2003-ல் வந்த மின்கழிவுச் சட்டத்தின்படி இன்னொரு நிதிக்குப் போகிறது. உணவுக் கழிவை உரமாக்கும் நிலையங்களுக்கான மானியங்கள் பெரும்பாலும், நிறுவனங்கள் புகை வெளியிட அனுமதி வாங்கும் கார்பன் ஏலத்தில் வரும் பசுங்குடில் வாயுக் குறைப்பு நிதியிலிருந்து வந்தவை. சில சமயம் மாநிலத்தின் பொது நிதியிலிருந்தும் கொஞ்சம் வரும்.

பாட்டில் காசு சேர்வது கலிபோர்னியா பானக் கொள்கலன் மறுசுழற்சி நிதியில். இதற்கான சட்டம் 1986-ல் நிறைவேறியது, திட்டம் 1987-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் புரளும் நிதி இது. மாநிலத்தின் மறுசுழற்சித் திட்டங்களில் பொதுமக்கள் தினமும் காசு போடுவது இதில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். இதைப் பின்தொடரக் கற்றுக்கொண்டால் டயருக்கும் டிவிக்கும் அதே வழிதான்.

இந்தத் திட்டங்களை நிர்வகிப்பது கால்ரீசைக்கிள் என்ற மாநிலத் துறை. பட்ஜெட் ஆவணங்களில் அதன் எண் 3970. பாட்டில் நிதியின் எண் 0133. இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடினால் எதுவும் சீக்கிரம் கிடைக்கும்.

பக்கத்து மாநிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவிலேயே முதன்முதலில், 1971-ல், பாட்டில் சட்டம் கொண்டுவந்தது ஆரிகன். அங்கே இந்தக் காசு அரசுக்கு வருவதே இல்லை. பான நிறுவனங்களின் கூட்டுறவு அமைப்பு வாங்கி, கொடுத்து, திரும்பி வராத காசையும் தானே வைத்துக்கொள்கிறது. அதனால் அங்கே பட்ஜெட்டைப் புரட்டிப் பயனில்லை. கலிபோர்னியாவில் அது அரசின் கையில் இருக்கும் பணம். ஆகவே சட்டமன்றத்தைக் கேட்க நமக்கு இடமிருக்கிறது.

படி 2: காசு போகும் பாதையை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள்

காகிதமும் பேனாவும் எடுத்து வரையுங்கள். நான் இதைச் செய்யாமல் ஆவணங்களுக்குள் போய், இரண்டு வாரம் வீணாக்கினேன்.

பானத்தைக் கடைக்கு விநியோகிப்பவர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் சி.ஆர்.வி. தொகையை மாநிலத்துக்குக் கட்டுகிறார். நிர்வாகச் செலவுக்கென்று 1.5 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளச் சட்டம் அவரை அனுமதிக்கிறது. அவர் கட்டியதைக் கடைக்காரரிடம் வசூலிக்கிறார், கடைக்காரர் நம்மிடம் வசூலிக்கிறார். நாம் கடையில் கொடுக்கும் 5 சென்ட் இப்படித்தான் மாநில நிதிக்குப் போய்ச் சேர்கிறது.

திரும்பும் வழியில், மையத்தில் பாட்டிலைக் கொடுக்கிறோம், மையம் நமக்குக் காசு தருகிறது. மையம் அதைப் பதப்படுத்துபவரிடம் (பழைய பாட்டில்களை வாங்கி மறுசுழற்சிக்குத் தயார்செய்பவர்) பெறுகிறது, பதப்படுத்துபவர் மாநிலத்திடம் பெறுகிறார். பாட்டிலை வீட்டு வாசலில் உள்ள நீலத் தொட்டியில் போட்டால், அந்த 5 சென்ட்டை உங்கள் ஊரின் கழிவு சேகரிப்புத் திட்டம் பெற்றுக்கொள்ளும். பலருக்கு இது தெரிவதில்லை. நீலத் தொட்டியில் போட்டால் காசு அரசிடமே தங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை.

எந்த வழியிலும் திரும்பி வராத பாட்டிலின் காசுதான் நிதியில் தங்குகிறது. அதுவும் சும்மா கிடப்பதில்லை. குப்பைமேட்டுக்கு நேரே போகும் பாட்டில்களின் காசில்தான் மற்றவை பெரும்பாலும் நடக்கின்றன: மறுசுழற்சி மையங்களுக்கான கையாளும் கட்டணம், பழைய பொருளின் சந்தை விலை செலவைவிடக் குறையும்போது தரப்படும் பதப்படுத்தும் தொகை, நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் ஆண்டுக்கு 1.05 கோடி டாலர், இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் உள்ளூர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான மானியம், துறையின் சம்பளம்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. மக்கள் அதிகமாகத் திருப்பிக் கொடுத்தால் நிதி குறைகிறது. குறைவாகத் திருப்பிக் கொடுத்தால் நிதி பெருகுகிறது. நிதியில் கையிருப்பு அதிகமாக இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தக் கையிருப்பு எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். மையங்கள் மூடப்பட்டதால் மக்கள் காசைத் திரும்பப் பெற முடியாமல் சேர்ந்த தொகையாகவும் அது இருக்கலாம்.

படி 3: எதற்கு ஓட்டெடுப்பு உண்டு, எதற்கு இல்லை என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

சட்டமன்றம் ஆண்டுதோறும் பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது, அப்போது ஒவ்வொரு டாலரையும் பார்த்துவிடுகிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். பாட்டில் நிதியில் அப்படி நடப்பதில்லை. பொது வளச் சட்டத் தொகுப்பின் 14580-ஆம் பிரிவு இந்த நிதியின் பெரும்பகுதியைத் தொடர் ஒதுக்கீடாக வைத்திருக்கிறது. பாட்டிலுக்கான காசைத் திருப்பித் தருவது போன்ற செலவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓட்டெடுப்பு வேண்டாம், சட்டம் இருக்கும்வரை பணம் தானாகப் போகும்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. பட்ஜெட் தாமதமானால் மூட்டையோடு மையத்துக்கு வந்தவருக்குக் காசு இல்லையென்று சொல்ல முடியாதல்லவா? ஆனால் விளைவு என்ன? பட்ஜெட் விவாதத்தில் துறையின் ஊழியர் எண்ணிக்கையும் சில மானியங்களும்தான் முன்னுக்கு வருகின்றன. 100 கோடி டாலர் புரளும் பெரும்பகுதி யார் வாயிலும் வராமலே ஆண்டு முடிந்துவிடும். ஆகவே இங்கே கண்காணிப்பு நடக்கும் இடங்கள் வேறு: நிதி நிலை அறிக்கை, பட்ஜெட்டோடு வரும் துணைச் சட்டங்கள், தனி மசோதாக்கள், தணிக்கை. இந்த நான்கையும் யாராவது விடாமல் கவனித்தால்தான் கேள்விகள் எழும்.

ஒரு செலவு எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. ஆளுநரின் பட்ஜெட் இணையதளத்தில் 3970 துறையின் ஒதுக்கீட்டு விவரப் பகுதிக்குப் போங்கள். ஒரு செலவுக்குப் பக்கத்தில் 3970-001-0133 போல மூன்று பகுதி எண் இருந்தால் அது பட்ஜெட் சட்டத்தில் ஓட்டெடுப்புக்கு வருவது. முதல் பகுதி துறை, கடைசிப் பகுதி நிதி. நடுவில் 001 என்றால் துறையின் சொந்தச் செலவு, 101 என்றால் உள்ளாட்சிகளுக்கும் மற்றவர்களுக்கும் போகும் உதவி. மூன்று பகுதி எண்ணுக்குப் பதிலாகப் பொது வளச் சட்டப் பிரிவின் எண் போட்டிருந்தால் அது தானாகப் போகும் பணம்.

படி 4: நிதி நிலை அறிக்கையை வாசியுங்கள்

அதே பட்ஜெட் இணையதளத்தில், துறைப் பக்கத்தின் கீழே ஃபண்ட் கண்டிஷன் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு நிதிக்கும் ஏறக்குறைய ஒரு பக்கம். நம் வங்கிப் பாஸ்புக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: தொடக்க இருப்பு, வரவு, மாற்றல், செலவு, கடைசி இருப்பு. மூன்று நெடுவரிசைகள் இருக்கும். முதலில் முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, அடுத்து நடக்கும் ஆண்டின் மதிப்பீடு, மூன்றாவதாக வரும் ஆண்டுக்கான முன்மொழிவு.

நான் அதில் முதலில் பார்ப்பது மாற்றல் வரிசை. பொது நிதிக்குக் கடன் என்று ஏதாவது போயிருக்கிறதா, திரும்பி வந்திருக்கிறதா? இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2000-களில் மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோதெல்லாம் பாட்டில் நிதியிலிருந்து பொது நிதிக்குக் கடன் எடுத்தார்கள். திரும்பி வரும் பாட்டில்களின் எண்ணிக்கையும் அப்போது கூடியது. 2009-ல் நிதியில் பணம் போதாமல் போனது. போதாதபோது மற்ற தொகைகளை விகிதாசாரமாக வெட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அப்படியே வெட்டினார்கள். மையங்கள் மூடப்பட்டன, வேலைகள் போயின. கடன் கொடுத்த ஆண்டுகளின் அறிக்கைகளில் அந்த மாற்றல்கள் எல்லாமே அச்சில் இருந்தவை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்து, ஓட்டெடுப்பும் முடிந்து, பின்னால் வந்த விளைவு இது.

இரண்டாவது, முந்தைய ஆண்டுத் திருத்தம் என்ற வரிசை. அதில் பெரிய எண் இருந்தால், போன ஆண்டு மதிப்பீடு எவ்வளவு தவறிப்போனது என்று அர்த்தம். மூன்றாவதாக, ஒரே ஆண்டுக்கான எண் மூன்று வெவ்வேறு பட்ஜெட்டுகளில் எப்படி மாறியது என்று ஒப்பிடுங்கள். முன்மொழிவாக வந்தது, மதிப்பீடாகி, கடைசியில் உண்மைக் கணக்காகும். மூன்று வருட ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு எக்செல் தாளில் ஏற்றினால் போதும். ஒரு மாலை வேலை. இதைச் செய்து முடித்தவர் இந்த நிதியைப் பற்றிப் பெரும்பாலான உறுப்பினர்களைவிட அதிகம் தெரிந்தவர் ஆகிவிடுவார் என்று தைரியமாகச் சொல்வேன்.

பாட்டில் நிதிக்குக் கீழே கண்ணாடி, பி.இ.டி. பிளாஸ்டிக் போன்ற பொருள்களுக்குத் தனித்தனிப் பதப்படுத்தும் கட்டணக் கணக்குகளும் உண்டு. பானத் தயாரிப்பாளர்கள் கட்டும் பணம் அங்கேதான் வருகிறது. ஆரம்பத்தில் அவற்றை விட்டுவிடலாம். ஆனால் தயாரிப்பாளர் கட்ட வேண்டிய பங்கில் எவ்வளவை நம் திரும்பாத காசு ஈடுகட்டுகிறது என்ற கேள்வி மனத்தில் வந்ததும் அங்கே போங்கள்.

பட்ஜெட் தவிர, நிதியின் நிலை குறித்துக் கால்ரீசைக்கிள் தானே காலாண்டு அறிக்கையும் வெளியிடுகிறது. அதில் விற்பனை, திரும்பியவை, வரும் ஆண்டுகளுக்கான கணிப்பு எல்லாம் இருக்கும்.

படி 5: சட்டமன்றத்தின் காலண்டரைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்

நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஆளுநர் ஜனவரி 10-க்குள் பட்ஜெட்டை முன்வைக்க வேண்டும். மே 14-க்குள் திருத்திய பட்ஜெட் வரும். ஜூன் 15 நள்ளிரவுக்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். 2010-ல் மக்கள் வாக்களித்து ஏற்ற 25-ஆம் முன்மொழிவின்படி, நிறைவேற்றத் தவறினால் உறுப்பினர்களுக்கு அந்த நாள்களின் சம்பளம் கிடையாது.

நமக்கு முக்கியமான காலம் பிப்ரவரி முதல் மே வரை. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளில், சட்டப்பேரவையில் 80 பேர், செனட்டில் 40 பேர் என்றாலும் மறுசுழற்சிப் பணத்தை உட்கார்ந்து பார்ப்பவர்கள் சில பேர்தான். செனட்டில் பட்ஜெட் துணைக்குழு 2, பேரவையில் இயற்கை வளங்களைப் பார்க்கும் பட்ஜெட் துணைக்குழு. துறை கூடுதல் பணமோ ஆளோ கேட்டால் அதற்குப் பட்ஜெட் சேஞ்ச் புரொபோசல் என்ற விண்ணப்பம் எழுத வேண்டும். ஏன் வேண்டும், எத்தனை பேர், எந்த நிதியிலிருந்து என்று எல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் யாரும் வாசிக்கலாம். எந்தப் பிரச்சினையைத் துறை தானே ஒப்புக்கொள்கிறது என்று அறிய இதைவிட நல்ல ஆவணம் கிடையாது, ஏனென்றால் பணம் கேட்பவர் குறையை மறைக்க மாட்டார்.

இதோடு சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகத்தின் அறிக்கைகளையும் படியுங்கள். எல்.ஏ.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1941-லிருந்து கட்சி சார்பில்லாமல் சட்டமன்றத்துக்காக வேலை செய்யும் அலுவலகம் இது. பாட்டில் திட்டத்தைப் பற்றி 2015-ல் அது முழு ஆய்வறிக்கையே எழுதியது. நடை எளிது, படங்களும் உண்டு.

துணைக்குழுவின் நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்குச் சில நாள்கள் முன்பு வரும். அதில் சில விஷயங்கள் விவாதத்துக்கு, சில விஷயங்கள் ஓட்டுக்கு மட்டும் என்று பிரிந்திருக்கும். ஓட்டுக்கு மட்டும் என்ற பட்டியலில் இருப்பதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். உங்களுக்கு முக்கியமான ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே குழு ஆலோசகருக்கு எழுதி விவாதத்துக்கு மாற்றும்படி கேளுங்கள். ஆலோசகர்களின் பெயர் நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கும்.

அப்புறம், ஜூன் மாதத்தில் பட்ஜெட்டோடு டிரெய்லர் பில் என்ற துணைச் சட்டங்கள் வரும். பணத்தோடு சேர்ந்து சட்டமும் மாறுவது அங்கேதான். பெரிய முடிவுகள் ஆளுநர், பேரவைத் தலைவர், செனட் தலைவர் மூவருக்குள் பேசி முடிந்து கடைசி நேரத்தில் அச்சாகும். 2016-ல் வந்த 54-ஆம் முன்மொழிவு ஒரு பாதுகாப்பு தருகிறது: ஓட்டெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இறுதி வடிவம் இணையத்தில் இருக்க வேண்டும். அந்த மூன்று நாள்தான் நம் கையில். ஆகஸ்டிலும் இப்படிச் சில மசோதாக்கள் வரும், அசந்துவிடாதீர்கள்.

படி 6: பேசுங்கள், எழுதுங்கள்

துணைக்குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் கருத்துக்கு நேரம் உண்டு. பெரும்பாலும் கடைசியில்தான் வரும், ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் திட்டத்தின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. பெயர், ஊர், எந்த விஷய எண், என்ன கேட்கிறீர்கள். அவ்வளவுதான். "என் வீட்டுக்குப் பக்கத்தில் மையம் மூடிவிட்டது, அடுத்த மையம் இத்தனை மைல், திரும்பாத காசு இத்தனை ஆண்டாக நிதியில் சேர்கிறது, மையங்களைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று துறையிடம் கேளுங்கள்" என்று சொல்லலாம். கோரிக்கை வைப்பதைவிட, உறுப்பினர் அப்படியே எடுத்துக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை அவர் கையில் கொடுப்பது நன்றாக வேலை செய்யும்.

தலைநகர் சாக்ரமெண்டோ போக முடியாதவர்கள் கடிதம் அனுப்பலாம். ஒரு பக்கம் போதும், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ கையெழுத்திட்டால் கனம் கூடும். நிகழ்ச்சிகளில் ஆயிரக்கணக்கில் தண்ணீர் பாட்டில் தீர்க்கும் சங்கங்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

படி 7: தனி மசோதாக்களைக் கவனியுங்கள்

தொடர் ஒதுக்கீடு சட்டத்தில் எழுதப்பட்டது என்பதால் அதை மாற்ற வேண்டுமானால் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் மையங்கள் மூடிய கதை.

சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றி அரை மைலுக்குள் ஒரு மையம் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. ஆனால் பழைய பிளாஸ்டிக், அலுமினியம் விலை சரிந்தபோது மாநிலம் தரும் பதப்படுத்தும் தொகை அதே வேகத்தில் ஏறவில்லை. மாநிலத்தின் மிகப் பெரிய மைய நிறுவனமான ரீப்ளானெட் 2016 ஜனவரியில் 191 மையங்களை மூடியது. 2019 ஆகஸ்டில் மிச்சமிருந்த 284 மையங்களையும் ஒரே நாளில் மூடிவிட்டது. மையம் இல்லாத பகுதியில் கடைகளே பாட்டிலை வாங்க வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. பல கடைகளுக்கு 100 டாலர் கட்டுவதே சுலபமாக இருந்தது.

2022-ல் எஸ்.பி. 1013 (செனட் மசோதா 1013) என்ற சட்டம் இதை மாற்றியது. 2025-லிருந்து அந்த 100 டாலர் வழி இல்லை. மையம் இல்லாத பகுதியில் கடைகள் தாமே வாங்க வேண்டும், அல்லது கூட்டாகச் சேர்ந்து திரும்பப் பெறும் ஏற்பாடு செய்ய வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் ஒயினும் மதுபானமும் சி.ஆர்.வி. திட்டத்துக்குள் வந்தன. அதனால் நிதிக்கு வரவும் கூடியது, பொறுப்பும் கூடியது. உங்கள் பகுதியில் கடைகள் உண்மையிலேயே வாங்குகின்றனவா என்பதை நேரில் போய்ப் பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். இந்தச் சட்டம் வேலை செய்கிறதா என்று அடுத்த விசாரணையில் கேட்க அந்தக் குறிப்பு போல் வேறொன்று கிடையாது.

மசோதாவைத் தேட சட்டமன்றத்தின் லெஜின்ஃபோ தளம் போதும். மறுசுழற்சி மசோதாக்கள் பேரவையில் இயற்கை வளக் குழுவுக்கும் செனட்டில் சுற்றுச்சூழல் தரக் குழுவுக்கும் போகும். ஒவ்வொன்றுக்கும் குழு ஊழியர்கள் எழுதும் பகுப்பாய்வு அங்கேயே இருக்கும், ஆதரவு எதிர்ப்புப் பட்டியலும் கடைசியில் இருக்கும். யார் எதிர்க்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். செலவு அதிகமான மசோதாக்கள் ஒதுக்கீட்டுக் குழுவின் சஸ்பென்ஸ் ஃபைலில் நிறுத்தப்பட்டு, மே மாதமும் ஆகஸ்டிலும் ஒரே நாளில் மளமளவென்று வாசித்து முடிவு சொல்லப்படும். காரணம் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஆதரித்த மசோதா அங்கே நின்றுபோனால், எழுதிய உறுப்பினரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுவருவார்களா என்று கேளுங்கள்.

படி 8: தணிக்கையைப் பயன்படுத்துங்கள்

மாநிலத் தணிக்கையாளர் ஆளுநருக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. எதைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் முடிவு செய்வது சட்டமன்றக் கூட்டுத் தணிக்கைக் குழு. பேரவையிலிருந்து ஏழு பேர், செனட்டிலிருந்து ஏழு பேர். எந்த உறுப்பினரும் கோரிக்கை வைக்கலாம். நாம் நேரடியாக வைக்க முடியாது, நம் உறுப்பினர் மூலமாக வைக்கலாம்.

பாட்டில் திட்டத்தை 2014-ல் தணிக்கை செய்தபோது, முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்றில் செலவு வரவைத் தாண்டியிருந்தது தெரிந்தது. மோசடியும் அதில் பேசப்பட்ட விஷயம். சி.ஆர்.வி. கட்டாத பக்கத்து மாநிலங்களிலிருந்து லாரி லாரியாகப் பாட்டில் கொண்டுவந்து இங்கே காசு வாங்குவது பழைய நோய். அரிசோனாவிலிருந்து 178 டன் கொண்டுவந்து 76 லட்சம் டாலர் சுருட்டியதாக 2023-ல் ரிவர்சைட் கவுண்டியில் எட்டு பேர்மீது மாநில அரசு வழக்குத் தொடுத்தது. இதைத் தடுக்கத்தான், ஒருவர் ஒரு நாளில் இத்தனை பவுண்டுதான் கொண்டுவரலாம் என்ற வரம்பெல்லாம்.

தணிக்கை அறிக்கை வந்த நாளில் செய்தி வரும், பிறகு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் துறை 60 நாளிலும், ஆறு மாதத்திலும், ஓராண்டிலும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களும், அதைத் தணிக்கையாளர் ஏற்றாரா என்பதும் இணையத்தில் இருக்கின்றன. என் அனுபவத்தில், உறுப்பினரிடம் புதுத் தணிக்கை கேட்பதைவிட, பழைய தணிக்கையில் நிறைவேறாத பரிந்துரை ஒன்றைக் காட்டுவது சீக்கிரம் பலன் தரும்.

படி 9: கிடைக்காததைக் கேட்டு வாங்குங்கள்

கால்ரீசைக்கிளிடம் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். ஆவணம் தருமா தராதா என்று 10 நாளில் சொல்ல வேண்டும், சில காரணங்களுக்காக இன்னும் 14 நாள் நீட்டலாம். "மறுசுழற்சி பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். இந்த அஞ்சல் குறியீட்டில், இந்தத் தேதிக்குள், மூடப்பட்ட மையங்களின் பட்டியலும், அங்குள்ள கடைகளுக்கு அனுப்பிய அறிவிப்புகளும் என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்றத்தின் சொந்த ஆவணங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதற்கென்று வேறொரு சட்டம் இருக்கிறது. அது குறுகியது.

படி 10: உங்கள் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போங்கள்

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்த பிறகு உறுப்பினர்கள் தொகுதியில் இருப்பார்கள். போகும்போது மூன்று தாள் போதும்: படி 4-ல் போட்ட கணக்கு, உங்கள் பகுதியின் மையங்களும் கடைகளும் இருக்கும் வரைபடம், ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "நம் தொகுதியில் வாங்கிய சி.ஆர்.வி. எவ்வளவு, நம் தொகுதி மக்களுக்குத் திரும்பிய சி.ஆர்.வி. எவ்வளவு என்று கால்ரீசைக்கிளிடம் எழுத்தில் கேட்டு எங்களுக்குத் தருவீர்களா?"

நம் கேள்விக்கு வரும் பதிலைவிட உறுப்பினர் கேட்டு வரும் பதில் முழுமையாக இருக்கும். வந்ததும் அதன் தேதியைக் குறித்துக்கொண்டு, ஜனவரி 10-ல் புதுப் பட்ஜெட் வெளியானதும் 0133-இன் பக்கத்தைத் திறந்து அந்தப் பதிலைப் பக்கத்தில் வையுங்கள்.